மைக் அக்கா பேசாத பேச்சு

அந்த நகரத்தில் மைக் அக்காவின் முகத்தைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குரலைத் தெரியாதவர்கள் என்று யாருமே கிடையாது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று மாநகராட்சி வேன் தெருமுனையில் திரும்பும்போதே குழாயடியில் சண்டை நிற்கும். மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் ஈரத் துணியோடு கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். நாளைக்குத் தண்ணீர் வராது என்று அந்தக் குரல் சொன்னால் வராது. சாயங்காலம் வந்துவிடும் என்று சொன்னால் வந்துவிடும். மாநகராட்சியில் வேறு எவனையும் நம்பாத ஊர், அந்தக் குரலை மட்டும் நம்பியது. குழாயைத் திறந்து பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது, சும்மா வந்ததில்லை.

அக்கா அங்கே தட்டச்சு வேலைக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். அதுவும் தற்காலிகம். அப்போது அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு பெரிய மனிதர், எதைப் படித்தாலும் ஊரைத் திட்டுகிற மாதிரியே படிப்பார். கொசுமருந்து அடிக்கிறோம் என்று அவர் சொன்னால் தங்கள் மேலேயே அடிக்கப்போகிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்கள். ஒருநாள் அவர் ஆணையரோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வேன் வாசலில் நிற்கிறது, படிக்க ஆள் இல்லை. "நீ படிம்மா, எழுத்துக்கூட்டிப் படிச்சாப் போதும்" என்று தலைமை எழுத்தர் தாளை அவள் கையில் திணித்தார். படித்தாள். மறுநாள் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வந்தபோது அவருக்கு நாற்காலி இருந்தது, மைக் இல்லை.

ஒலிப்பதிவு அறை என்று பெயர்தானே தவிர அது பழைய ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த உள்ளறை. வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலுக்குக் கம்பளிப் போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். மின்விசிறி போட்டால் அதன் கடகடப்பும் பதிவாகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். வெயில் காலத்தில் உள்ளே போய் வந்தால் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அந்த அறையில் அவளுக்கு எதிரே டேப் ரெக்கார்டரின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ஒரு இளநிலை உதவியாளன். ஒல்லியாக, எப்போதும் ஒரு சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி முகம். எல்லோரும் அவனை டேப் தம்பி என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கு மேயர் என்று மாலை போடுகிறார்களே, அவன்தான். அவர்தான் என்று சொல்ல வேண்டுமோ என்னமோ, அக்காவுக்கு அது கடைசி வரைக்கும் வாயில் வரவில்லை.

டேப் தம்பியிடம் ஒரு வித்தை இருந்தது. பதிவில் அக்கா தடுமாறினால் மறுபடி படிக்க விடமாட்டான். "நீங்க தண்ணி குடிங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்பான். நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டி, தடுமாறின சொல்லை எடுத்துவிட்டு, வேறொரு நாள் நன்றாகச் சொன்ன அதே சொல்லை அந்த இடத்தில் ஒட்டிவிடுவான். கேட்டால் ஒட்டுப் போட்டது தெரியாது. வெட்டுகிற இடத்தில் ஒரு மூச்சை மட்டும் விட்டுவைப்பான். "மூச்ச வெட்டினா மனுஷப் பேச்சா இருக்காதுக்கா" என்பது அவன் தொழில் ரகசியம்.

அந்த வித்தையால்தான் அக்காவுக்குக் கல்யாணமே நடந்தது. வேன் ஓட்டியவர் வாரத்துக்கு ஒருமுறை அந்த அறை வாசலில் வந்து நின்று புகார் சொல்லுவார். "நீங்க ரொம்ப நீட்டி முழக்குறீங்க. தெரு முடிஞ்சிடுது, உங்க பேச்சு முடியல. பாதி விஷயத்த பக்கத்து வார்டுல போய் சொல்லிட்டிருக்கேன்." அக்காவும் விடமாட்டாள். "நீங்க மெதுவா ஓட்டுங்க. எவன் துரத்துறான் உங்கள?" இந்தச் சண்டை வரவர நீண்டுகொண்டே போனது. புகார் இல்லாத வாரத்தில்கூட மனிதர் வந்து நிற்க ஆரம்பித்தார். டேப் தம்பிக்குப் புரிந்துவிட்டது. சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும்தான் புரியவில்லை.

ஒருநாள் அவன் விளையாட்டாக ஒரு கேசட் செய்தான். தொலைந்துபோன பொருட்களைப் பற்றிய அறிவிப்பிலிருந்து கொஞ்சம், வாகன நிறுத்த அறிவிப்பிலிருந்து கொஞ்சம். "வேன் ஓட்டுநர் அவர்கள்... தக்க அடையாளம் கூறி... அறிவிப்பாளரை... உடனடியாகப் பெற்றுக்கொள்ளுமாறு... கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அலுவலகத்துக்குள் போட்டுச் சிரிக்கலாம் என்று மேசை மேல் வைத்திருந்தான். வேன்காரர் வழக்கமான கேசட் என்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனிதருக்கு ஒரு பழக்கம், வண்டியைக் கிளப்பி கேசட்டைப் போட்டதும் கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். முழுசாக மூன்று தெருக்கள் கேட்டு முடித்த பிறகுதான், எல்லோரும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

அக்கா அழுதாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். டேப் தம்பி காலில் விழாத குறை. வேன்காரர் மட்டும் மறுநாள் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, அறை வாசலில் வந்து நின்றார். "தக்க அடையாளம்னா என்ன சொல்லணும்?" என்று கேட்டார். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு அந்த இஸ்திரிச் சட்டையின் சூடான வாசனைதான் முதலில் ஞாபகம் வரும். எவ்வளவு நல்ல காலம் அது! சம்பளம் கைக்கும் வாய்க்கும் எட்டாது, ஆனால் காலையில் எழுந்தால் வேலைக்குப் போக வேண்டும் என்று மனசு துடிக்கும்.

பிறகு டேப் தம்பி வேலையை விட்டான், வார்டு தேர்தலில் நின்றான், ஜெயித்தான். உண்மையிலேயே நல்ல கவுன்சிலராகத்தான் இருந்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். சாக்கடை அடைத்துக்கொண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நிற்பான். மேயரான முதல் வருஷத்தில்கூட அப்படித்தான். எந்த இடத்தில் மனிதர் மாறினார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பால் திரிகிற நேரத்தை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

அக்காவுக்கு ஓய்வு வந்தது. ஓய்வுக்குப் பின்னாலேயே தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கட்டி போய்விட்டது, போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தது கதவுக் கீல் கிரீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் "ஜலதோஷமா?" என்று கேட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களில் மேயரும் ஒருவர். கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒற்றை ஆளாக உள்ளே வந்தார். நாற்காலி இல்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பூனால் பால் புகட்டினார். டாக்டரிடம் அவர்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கத்தவே கூடாதாம் அக்கா. கத்தினா இருக்கிறதும் போயிடுமாம்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. அக்காவுக்கு ஆளைத் தெரியும்.

வேன்காரருக்கும் அதற்குள் காது போய்விட்டிருந்தது. காலம் முழுக்க ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு வேறென்ன மிஞ்சும்? "எம் பொண்டாட்டி பேசிப் பேசியே எனக்குக் காது போச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். குரல் போனவளும் காது போனவரும் நகரத்தின் மறுகோடியில் மகள் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அக்கா யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. மூன்றாம் மாடியில் ஒரு கரகர அம்மா, அவ்வளவுதான். மாநகராட்சி அவளுடைய பழைய பதிவுகளையே இன்னமும் ஓட்டிக்கொண்டிருந்ததால், தன் குரல் தெருவில் போவதை அவள் பால்கனியில் நின்று கேட்டுக்கொள்வாள். மருமகன்கூடக் கேலி செய்வான், "அத்தை, உங்க ரசிகர் மன்றம் வருது." அவளுக்கு அது வேண்டித்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் வீட்டு வரி இரட்டிப்பானது. அதோடு மேயரின் வண்டவாளமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பேருந்து நிலையக் கடைகளெல்லாம் மச்சினன் பேரில். ஒரே சாலையை மூன்று முறை போட்டதாகக் கணக்கு, சாலையோ முதல் முறையே போடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மேயரின் மூன்று மாடி பங்களா வரிப்பதிவில் "சாமான் வைக்கும் கொட்டகை" என்று இருந்தது. ஊர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சலூனில், பேருந்தில், பள்ளிக்கூட வாசலில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. "கொட்டகைக்கு லிஃப்ட் வெச்ச ஒரே ஆளு நம்ம மேயர்தான்" என்றார்கள். "வரி இல்லாம ஊரு எப்படிங்க நடக்கும்? குப்பைய யாரு அள்ளுவா?" என்று மேயருக்காகப் பேச நியாயமான ஆட்களும் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டி நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பு வரும்வரை யாரும் வரி கட்டாதீர்கள் என்றார். அக்கா வாயைத் திறக்கவில்லை. பால் புகட்டிய கையை எப்படித் திட்டுவது?

ஒருநாள் காலை, அரிசி களைந்துகொண்டிருந்தபோது வேன் வந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. வீட்டு வரி உயர்வை... நீதிமன்றம்... உறுதி செய்துள்ளதால்... இம்மாத இறுதிக்குள்... செலுத்தத் தவறுவோரின்... குடிநீர் இணைப்பு... துண்டிக்கப்படும்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசிப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு பால்கனிக்கு ஓடினாள். நீதிமன்றம் எதையும் உறுதி செய்யவில்லை, வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. காலைச் செய்தித்தாள் அங்கேயே கிடந்தது. ஆனால் சொல்லியது அவள் குரல். அவளுடைய அசல் குரல். வேன்காரரும் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டார். வீட்டில் அழைப்பு மணி அடித்தால் கேட்காத மனிதருக்கு அந்த ஒலிபெருக்கி மட்டும் கேட்டுவிடும். "இது எப்ப பேசின? கல்யாணத்துக்கு முந்தின குரல் மாதிரி இருக்கே" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

வேன் திரும்பி எதிர்த்தெருவில் வரும்போது அக்கா மறுபடி காதுகொடுத்துக் கேட்டாள். "நீதிமன்றம்" என்ற சொல் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆக்கிரமிப்பு அகற்றும் அறிவிப்புக்குச் சொன்னது. அந்தச் சொல் வாயில் நுழையாமல் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள். "குடிநீர் இணைப்பு" என்பதில் இரண்டு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்குகிறது. அப்போது மகள் வயிற்றில் இருந்தாள், நிறைமாதம். படித்து முடித்ததும் டேப் தம்பி ஓடிப்போய் மின்விசிறியைப் போட்டான். "துண்டிக்கப்படும்" என்று ஒட்டியிருந்தானே, அது அவள் அம்மா இறந்து காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று சொன்னது. அழுது அழுது வறண்டுபோன தொண்டை அப்படியே பதிவாகியிருந்தது. வேறு யாருக்கும் இதெல்லாம் கேட்டிருக்காது. அவளுடைய வாழ்க்கையைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு பொய்யாக ஒட்டித் தெருவில் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரு மூச்சு பத்திரமாக விடப்பட்டிருந்தது. யார் செய்த வேலை என்று அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போன் செய்தாள். மேயர் உடனே எடுத்தார். அவள் அழைப்பை அவர் எடுக்காமல் விட்டதே இல்லை.

"ஏண்டா தம்பி இப்படிப் பண்ணின?"

"அக்கா, கேஸ் எப்படியும் ஜெயிச்சிடும். அப்ப உண்மையாயிடும். கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கோம், அவ்ளோதான்."

"நான் சொல்லலையே!"

"அந்தக் குரல் ஆபீஸ் சொத்துக்கா" என்றார் மேயர், வெகு பிரியமாக. "நீங்க எதுக்கு மனசப் போட்டு அலட்டிக்கிறீங்க? நீங்கதான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

வாஸ்தவம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் குரல் சொல்லிவிட்டது என்று ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வரி கட்ட வரிசையில் நின்றார்கள். கட்டின பிறகுதான் நீதிமன்றத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தது. கீழே காய்கறிக் கடையில் அக்காவின் பக்கத்திலேயே நின்று ஒரு பெண் சொன்னாள்: "அந்த மைக்ல பேசுறவ எவ்ளோ வாங்கினாளோ! எங்கம்மா காலத்துலருந்து நம்பினோம். தேன் மாதிரி பேசியே கழுத்தறுத்துட்டா." கடைக்காரர் ஆமாம் போட்டார். அக்கா கையிலிருந்த தக்காளியைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். முகம் தெரியாத ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு நல்ல பெயர்தான். அதையும் திட்டித் தீர்க்கிறார்கள். பேசாமல் இருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சோறு இறங்கவில்லை.

ஊர் கொதித்ததில் மேயருக்கு வேறு வழியில்லாமல் போய், டவுன் ஹாலில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். அக்கா பழைய அலுவலகப் புடவையைக் கட்டிக்கொண்டாள். "எங்க கிளம்பிட்ட?" என்ற கணவரிடம் கையால் சைகை காட்டினாள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார், எதற்கென்றுகூடக் கேட்கவில்லை.

ஹாலில் எள் போட்டால் எள் விழாது. மேடையில் மேயர், முன்னால் மைக். அவர் அசராமல் பதில் சொன்னார். அறிவிப்பைப் பற்றிக் கேட்டபோது, "அறிவிப்பாளர் தவறாப் படிச்சிட்டாங்க. விசாரிச்சு நடவடிக்கை எடுப்போம்" என்றார். மருந்துக்கடைக்காரர் உட்பட எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். "அந்த அம்மாவக் கூப்பிடுங்க! கேப்போம்!" என்று கூட்டம் கத்தியது.

அக்கா எழுந்தாள். நடுவழியில் வைத்திருந்த மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். எத்தனையோ வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்த பழக்கத்தில் அதை வாய் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான் அது" என்றாள். "நான் அப்படிப் படிக்கல."

பின்வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது. அந்தத் தேன் குரல் எங்கே, இந்தக் கிரீச்சு எங்கே? "பாட்டி, மைக்க விட்டு நகருங்க" என்றது ஒரு குரல். "யாரோ செட்டப் பண்ணி அனுப்பியிருக்காங்க" என்றார் இன்னொருவர். மருந்துக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் மரியாதையாக, "அம்மா, உக்காருங்க. நேரமில்ல" என்றார்.

"நான்தான்!" அக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தண்ணீர் வரும் என்று சொன்னவளை, வராது என்று சொன்னவளை, ஒரு நாளும் பொய் சொல்லாதவளை யாரென்று கேட்கிறார்கள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "என் குரல வெட்டி ஒட்டியிருக்காங்க! நான்தான் பேசிட்டிருந்தேன்! நான்தான்..." குரல் உடைந்தது. இருமல் வந்தது. இருமலோடு மறுபடி கத்தினாள்.

மேயர் எழுந்துவிட்டார். "அக்கா, கத்தாதீங்க!" என்றார் மேடையிலிருந்து. முன்னால் மைக் இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி பதறிப்போய் வந்தது அந்தப் பேச்சு. "ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம்தான் ஆகுது. கத்தினா இருக்கிற குரலும் போயிடும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? உக்காருங்கக்கா. யாராவது தண்ணி குடுங்க அவங்களுக்கு!"

ஹால் முழுக்க ஒலிபெருக்கியில் அது கேட்டது.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் திரும்பினார். "ரெண்டு வருஷமாவா இவங்களுக்குக் குரல் இல்ல?" என்றார் நிதானமாக. "இவங்க யாருன்னு உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. அப்ப போன மாசம் தெருத்தெருவா நல்ல குரல்ல பேசினது யாருங்க, மேயர் ஐயா?"

கூட்டம் எழுந்து நின்றது, நாற்காலிகள் விழுந்தன, ஆளாளுக்குக் கத்தினார்கள். மேயர் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அக்காவை யாராவது பிடித்து உட்காரவைத்தார்களா, தண்ணீர் கொடுத்தார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்தார்கள். அவள் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவரும் உட்கார்ந்தார்.

வெளியே படிக்கட்டில் ஆட்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காய்கறிக் கடையில் கழுத்தறுத்துவிட்டாள் என்று சொன்ன பெண்ணும் அதில் இருந்தாள். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அக்காவால் பேச முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேன்காரர் வந்தார். ஹாலின் எதிரொலியிலும் கூச்சலிலும், உள்ளே நடந்ததில் ஒரு சொல்கூட அவருக்கு விளங்கியிருக்கவில்லை. மனைவி கத்தியதும், எல்லோரும் எழுந்ததும், இப்போது அவள் கன்னத்தில் கண்ணீர் வழிவதும்தான் தெரிந்தது.

"என்னாச்சு? தோத்துட்டமா?" என்றார்.

அவள் இல்லையென்று கையை ஆட்டிவிட்டு, அவர் காதில் வாயை வைத்து, இருந்த கொஞ்சக் குரலில் சொன்னாள். "ஜெயிச்சிட்டோம்."

"அப்புறம் எதுக்கு அழற?"

"கத்தாதீங்க அக்கான்னான்" என்றாள். "கெட்டவனாவே இருந்து தொலைச்சிருந்தா அழுதிருக்க மாட்டேங்க."